தம்பிக்கு நான் மேடமாக இருந்த நான்கு நாள்

கோலார் தங்கவயலில் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது தம்பி சேகர் ஓமானிலிருந்து போன் செய்தான். "அக்கா, பாலைவனத்துக்கு வரியா?" என்றான். பக்கத்துத் தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், வருகிறாயா என்று கேட்கிற தொனி. இருபது வருஷமாக அந்த ரயிலில் பெங்களூருக்குப் போய், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எழுதிக் கிழித்துவிட்டுத் திரும்பி வருகிறவள் நான். மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஐந்தாவது ஆளாக ஒட்டிக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த சாகசப் பயணம். ரயில் வந்து, இடம் பிடித்து, மூச்சு வாங்கிய பிறகு, வருகிறேன் என்று சொன்னேன்.

சேகர் பதினோரு வருஷமாக அங்கே ஒரு சுற்றுலாக் கம்பெனியில் ஜீப் ஓட்டுகிறான். நான்கு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி அது. ஜீப் என்றால் அவனுக்குக் கோபம் வரும். பாலைவனத்தைக் கடக்க எப்போதும் இரண்டு வண்டிகள் சேர்ந்து போகும். பின்வண்டியில் தண்ணீர், அரிசி, கூடாரம். அதைத்தான் இத்தனை காலமும் சேகர் ஓட்டினான். முன்வண்டிக்காரன்தான் மணலைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். முன்வண்டிக்கு வந்தால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முதலாளி கையெழுத்துப் போடுவார்.

இந்தத் தடவை அவனை முன்வண்டியில் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். கடைசி நாள் விருந்தாளிகள் ஆளுக்கொரு பேப்பரில் கருத்து எழுதுவார்கள். ஒரு புகார்கூட இல்லையென்றால் வேலை அவனுக்கு. அவன் மனைவி செல்வியும் மகளும் என் வீட்டை ஒட்டிய லைன் வீட்டில்தான் இருக்கிறார்கள், சுரங்கக்காரர்களுக்கு ஒரே சுவரில் வரிசையாகக் கட்டிய வீடுகள். இங்கே நான் தும்மினால் அங்கே செல்வி "அண்ணி, கஷாயம் போடட்டுமா?" என்பாள். விஷயம் தெரிந்த மறுநாளே அவள் கோலாருக்குப் போய், வாங்க வேண்டிய சர்டிபிகேட்டுகளை எல்லாம் வாங்கி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டாள்.

ஆனால் மூன்று விருந்தாளிகளாவது இல்லாமல் வண்டி கிளம்பாது. இருந்த மூவரில் ஒருவர் கழன்றுகொண்டார். அந்த இடத்துக்குத்தான் நான்.

"ஒண்ணு மட்டும்க்கா. சொந்தக்காரங்கள ஏத்தக்கூடாதுன்னு ரூல். என்ன தெரியாத மாதிரி இருக்கணும். நான் உன்ன மேடம்னு கூப்புடுவேன்."

"நான் உன்ன இன்னான்னு கூப்புடறது?"

"டிரைவர்னு கூப்புடு."

என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு ஊரிகம் முழுக்கச் சுற்றிய பயல்.

டிக்கெட், விசா கதையெல்லாம் வேண்டாம். அதை விலாவாரியாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நேராக மணலுக்கு வந்துவிடுகிறேன்.

முதல் நாள் காலை மற்ற இரண்டு விருந்தாளிகளைப் பார்த்தேன். ராகவேந்திரா, அவர் மனைவி சுமா. பெங்களூரில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவரை துணி தொங்கும் தொப்பி, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த சட்டை, கையில் ஒரு கடிகாரம். எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம், வடக்கு எங்கே இருக்கிறது, எத்தனை அடி நடந்தோம் என்றெல்லாம் அது சொல்லும். மணியைத்தான் மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.

எந்த ஊர் என்று கன்னடத்தில் விசாரித்தார். கோலார் தங்கவயல் என்றேன். "அங்கேதான் இப்போது தங்கமே இல்லையே" என்றார். நாங்கள் தின்று தீர்த்துவிட்டோம் என்பது போல இருந்தது. அவர் டிரைவரைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்கவில்லை. நான்கு நாளும் கேட்கவில்லை.

பின்வண்டியை ஓட்டியவர் சலீம். இதுவரை முன்வண்டி ஓட்டிய ஓமான்காரர், வெள்ளைத் தாடி. சேகர் எப்படி ஓட்டுகிறான் என்று பின்னாலிருந்து பார்த்து முதலாளியிடம் சொல்வது அவர் பொறுப்பு. அவருக்கு அரபியும் கொஞ்சம் இந்தியும் தெரியும். அவர் பேசியதெல்லாம் சேகர் வழியாகத்தான் எனக்கு வந்தது.

தார் ரோடு முடிந்த இடத்தில் சேகர் இறங்கி நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினான். ஏன் என்று ராகவேந்திரா கேட்டார். டயர் அகலமானால் மணலில் புதையாது என்று சேகர் சொன்னான். ராகவேந்திரா மனைவி பக்கம் திரும்பி, "டயர் அகலமானால் மணலில் புதையாது, நான் யோசித்துப் பார்த்தேன்" என்றார். சுமா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு முப்பது வருஷப் பழக்கம் இருந்தது.

பிறகு மணல் மேடுகள் வந்தன. ராகவேந்திரா கையைக் கூப்பிவிட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊரில் இதே நிறத்தில், இதே வளைவில் மேடுகள் இருக்கின்றன. பாறையை மாவாக அரைத்து, சைனைடு போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிய குவியல். சைனைடு மேடு என்போம். சுரங்கம் மூடிப் பல காலமாகியும் அது மட்டும் அப்படியே நிற்கிறது. எங்கள் ஊரிலும் இப்படி உண்டு என்று சொல்லி வைத்தேன்.

"அது குப்பை அம்மா. இது இயற்கை" என்றார் அவர்.

குப்பைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குப்பை மலையளவு சேர எங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் பூமிக்குள் போய் வந்தார்கள். இந்த மணலுக்கு யாரும் ஷிப்டு பார்த்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் மணலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். டின் மீன் போட்ட சோறு, பேரீச்சம்பழம். அப்புறம் காபி என்று ஒன்று தந்தார்கள். பாலில்லை, சர்க்கரையில்லை, ஏலக்காய்க் கஷாயம், மருந்து குடிக்கிற அளவுக்கு ஒரு கிண்ணம். மரியாதைக்குக் குடித்தேன். சலீம் மறுபடி ஊற்றினார். குடித்தேன். மறுபடி ஊற்றினார். தூரத்தில் சேகர் கையைக் கையை ஆட்டினான். ஈ ஓட்டுகிறான் என்று நினைத்தேன். ஏழாவது கிண்ணத்தின்போது சுமா தன் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடுத்தாள். போதும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டேதான் இருப்பார்களாம். சொல்ல வேண்டிய தம்பி டிரைவராக நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இரண்டாம் நாள் வண்டி மாட்டிக்கொண்டது. ஒரு மேட்டின் உச்சியில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதற்குள், புகைப்படம் எடுக்க வேண்டும், நிறுத்து என்று ராகவேந்திரா கத்தினார். உச்சியில் நிறுத்தக் கூடாது. சேகர் நிறுத்தினான். வண்டி வயிறுவரை புதைந்தது. சேகர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குனிந்தான். ராகவேந்திரா இடுப்பில் கை வைத்து, இடது பக்கம் வெட்டு, வலது பக்கம் வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுரங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் எங்கள் அப்பா யாரையெல்லாம் திட்டுவாரோ அந்த மேஸ்திரிமார்கள் எல்லாரும் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

பொறுக்க மாட்டாமல் இன்னொரு மண்வெட்டியை எடுத்தேன்.

"விடுங்க மேடம்" என்றான் சேகர். அப்புறம் குனிந்தபடியே, "அக்கா, கீழ வை. சலீம் பாக்கறாரு" என்று பல்லைக் கடித்தான்.

"பாத்தா பாக்கட்டும் டிரைவர். உன் முதுவு உட்டுப்போவும்."

வண்டி வெளியே வந்தது. ராகவேந்திரா சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, வண்டி மாட்டிக்கொண்டதை எழுதிக்கொண்டார். யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பதை எழுதவில்லை. முதல் நாளே சோற்றில் உப்புக் குறைவு, கூடாரத்தில் ஒரு பூச்சி என்று எழுதியிருந்தார். அந்த நோட்டைப் பார்க்கும்போதெல்லாம் செல்வியின் பிளாஸ்டிக் உறை என் கண்ணில் வந்து நின்றது. நானும் அவரைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தேன். அவர் கடிகாரத்தைப் புகழ்ந்தேன். வெட்கம்தான், ஆனால் தம்பி வேலை என்றால் வெட்கத்தை எங்கே வைப்பது?

அன்று பிற்பகல்தான் அது நடந்தது. கூடாரம் போட்டு முடித்த நேரத்தில் காற்று எழுந்தது. மேடுகளின் தலையில் புகை மாதிரி மணல் கிளம்பியது. அது எங்களை நோக்கி வந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆடிக் காற்று வந்தால் சைனைடு மேட்டுத் தூள் பறந்து வீட்டுக்குள் வரும். அது விஷத் தூள் என்று ஊரே நம்புகிறது. அதனால் காற்று எழுந்த உடனே வீட்டில் இருக்கிற பெட்ஷீட், வேட்டி, புடவை எல்லாவற்றையும் தண்ணீரில் நனைத்து வாசலிலும் ஜன்னலிலும் கட்டிவிடுவோம். சோற்றுப் பானைக்கும் ஈரத்துணி. ஒருவர் பிழிய, ஒருவர் கட்ட, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேச மாட்டோம், வாயைத் திறந்தால் தூள் போகும். அம்மா இருந்தவரை நானும் சேகரும்தான் இந்த வேலைக்கு ஜோடி.

காற்று எழுந்தது. நான் கூடாரத்துக்குள்ளிருந்து விரிப்புகளை உருவினேன். சேகர் பின்வண்டிக்கு ஓடித் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தான். அவன் ஊற்றினான், நான் நனைத்தேன். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. கூடார வாசலில் கட்டினோம், இரண்டு பக்கத்து ஜன்னலில் கட்டினோம், சோற்று அண்டாவின் மேல் போட்டோம். பதினோரு வருஷம் ஆன மாதிரியே இல்லை. எங்கள் ஊரில் ஒரு தடவை நனைத்தால் போதும். இங்கே கட்டிய பத்து நிமிஷத்தில் அப்பளமாகக் காய்ந்தது. மறுபடி ஊற்றினோம். மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினோம். நாங்கள் பேசவே இல்லை.

இதற்குள் ராகவேந்திராவும் சுமாவும் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் ஈரத்துணிக் கூடாரத்துக்குள் வந்து புகுந்துகொண்டார்கள். அவர் அங்கேயே படுத்து, சற்று நேரத்தில் குறட்டை விட்டார். துணி நன்றாகத்தான் வேலை செய்தது.

இருட்டுவதற்கு முன் காற்று அடங்கியது. நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். மணலில் இரண்டு காலி கேன்கள் கிடந்தன. இன்னும் இரண்டு நாளைக்கு என்று இருந்ததே நாலு கேன்தான்.

"ஐயோ" என்றேன்.

சேகர் மணலில் உட்கார்ந்துவிட்டான். "இன்னாக்கா பண்ணோம்?" என்றான். பாலைவனத்தில் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்று மூன்று மொழியில் விருந்தாளிகளுக்கு வகுப்பெடுக்கிறவன் அவன்.

சலீம் தன் வண்டிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மெதுவாக வந்து சேகரிடம் ஏதோ கேட்டார். சேகர் தலையாட்டினான். அவர் நெஞ்சில் கை வைத்து எனக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனார்.

"இன்னா கேட்டாரு?"

"நீங்க ரெண்டு பேரும் பண்ணது பூஜையான்னு கேட்டாரு. பேசாம தண்ணி ஊத்திக்கினே இருந்தோம்ல. ஆமான்னுட்டேன்."

மூன்றாம் நாள் காலை ராகவேந்திரா சவரம் செய்ய வெந்நீர் கேட்டார். இல்லை என்றான் சேகர். ஏன் இல்லை என்று கேட்டு, காரணம் தெரிந்ததும் அவர் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பியது. முந்தின நாள் அந்தத் துணிக்குள்தான் தூங்கினார் என்பதை நினைவுபடுத்தினேன். தூக்கம் வேறு, நிர்வாகம் வேறு என்றார். தண்ணீருக்காக வழியை மாற்ற வேண்டியிருந்தது. அதனால் அவர் புகைப்படம் எடுக்க நினைத்திருந்த பெரிய மேடு ஒன்று தவறிப்போனது. அதற்கு இன்னொரு பக்கம்.

ஒட்டகப் பண்ணை ஒன்றில் தொட்டித் தண்ணீர் கிடைத்தது. உப்புக் கரித்தது. ஒட்டகம் மேய்க்கிறவர் பாகிஸ்தான்காரர். நுரை தளும்ப ஒட்டகப் பால் கறந்து கொடுத்தார். ராகவேந்திரா வேண்டாம் என்றார், நான் இரண்டு கிண்ணம் குடித்தேன், இந்தத் தடவை கிண்ணத்தை ஆட்டினேன். வீட்டுக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது, கடைசிப் பையனை போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்றார் அவர். அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு சேகர் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

நான்காம் நாள் மத்தியானம் கம்பெனி ஆபீஸ். முதலாளி வெள்ளை அங்கி போட்ட வயசானவர், மெல்லப் பேசுகிறவர். எங்கள் மூன்று பேருக்கும் பேப்பர் கொடுத்தார். டிரைவர் நன்றாக ஓட்டினார், பத்திரமாக இருந்தோம் என்று நான் எழுதினேன். சுமா என் பக்கம் சாய்ந்து, "உங்கள் தம்பி நிஜமாகவே நன்றாக ஓட்டுகிறார், அதைத்தான் எழுதியிருக்கிறேன்" என்று கன்னடத்தில் கிசுகிசுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் நாளே தெரியுமாம், இருவருக்கும் ஒரே மூக்கு என்றாள். அவள் கணவர் டிரைவர் முகத்தை ஒரு தடவையாவது பார்த்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

ராகவேந்திரா ஒரு பேப்பர் போதாமல் இன்னொன்று கேட்டு வாங்கினார். தண்ணீரை வீணாக்கிய பொறுப்பற்ற டிரைவர் என்பது சாரம். முதலாளி அதைப் படித்துவிட்டு சலீமைக் கேட்டார். சலீம் அரபியில் ஏதோ சொன்னார். முதலாளி முகம் தெளிந்தது. பிரார்த்தனைக்குப் போன தண்ணீரை யாரும் கணக்குக் கேட்கக் கூடாது, பையன் மணலை நன்றாகப் படிக்கிறான் என்று சலீம் சொன்னதாக சேகர் எனக்குப் பிறகு சொன்னான். தண்ணீர் பிரார்த்தனைக்குப் போயிருக்கிறது என்று முதலாளி ராகவேந்திராவிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பேனாவைத் திறந்து ஒரு தாளைப் பக்கத்தில் இழுத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ராகவேந்திரா எழுந்துவிட்டார். ஆங்கிலத்தில் பிடித்துக்கொண்டார். என்ன பிரார்த்தனை, நானும் இந்துதான், எனக்குத் தெரியாத பிரார்த்தனையா? இந்த அம்மா டிரைவரை ஏமாற்றியிருக்கிறாள். குப்பை மேட்டுப் பக்கத்தில் வளர்ந்த அறிவு கெட்ட ஜென்மம், இவளை எல்லாம் விமானத்தில் ஏற்றியதே தப்பு.

எனக்கு உறைக்கவில்லை. இருபது வருஷம் ரயிலில் போகிறவளுக்கு இதெல்லாம் ஜன்னலோரச் சீட்டுக்காக விழுகிற பேச்சு. நான் சேகரைத்தான் பார்த்தேன். சும்மா இரு என்று கண்ணால் சொன்னேன். சின்ன வயசில் அந்தப் பார்வைக்கு அடங்குவான்.

"சார், அவங்க எங்க அக்கா. மரியாதையா பேசுங்க" என்றான்.

தமிழில்தான் சொன்னான். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னான், அரபியில் சொன்னான். அத்தோடு நிறுத்தினானா? பூஜையும் இல்லை ஒன்றும் இல்லை, தண்ணீரை ஊற்றியது நானும்தான், எங்கள் ஊர்ப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டினான். உண்மை பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தத் தெரியாத குடும்பம் எங்களுடையது. சலீம் தரையைப் பார்த்தார். முதலாளி கோபப்படவில்லை. பேனாவை மூடிவைத்தார். நீ பின்வண்டியையே ஓட்டு என்றார்.

வெளியே ஒரு கடையில் சேகர் டீ வாங்கிக் கொடுத்தான். பாலும் சர்க்கரையும் போட்ட நிஜ டீ.

"இன்னாத்துக்குடா வாய தொறந்த? என்னதானே திட்டுனான்?"

"தெரிலக்கா." டீக்குக் காசை எடுத்து வைத்துவிட்டு, "செல்விகிட்ட நீயே சொல்லிடு" என்றான்.

ஊரிகத்துக்கு வந்து சேர்ந்தபோது செல்வி எனக்காகக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மேடம், ஏழு கிண்ணம் காபி, பூஜை எல்லாவற்றுக்கும் செல்வி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டால் கடைசிப் பகுதி சுலபமாக இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசிப் பகுதியையும் சொன்னேன்.

செல்வி சிரிப்பதை நிறுத்தினாள்.

"அந்தாளு திட்டுனது உங்களதானே அண்ணி? அவர இல்லையே?"

"என்னதான்."

"நீங்க சும்மாதான் இருந்தீங்க."

"இருந்தேன்."

"அவரால இருக்க முடில." கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள். "பதினோரு வருஷம் அண்ணி. புருஷன் வருவானா, அங்கயே ஒருத்திய வெச்சிக்கினானான்னு இந்த லைன்லயே கேக்கறாங்க. உங்களுக்குத் தெரியும். அவர்கிட்ட போன்ல சொன்னா, உட்டுடு செல்வி, கண்டுக்காதன்னு சொல்லுவாரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா? உங்க எடத்துல நான் உக்காந்திருந்து, அந்தாளு என்ன அப்பிடி பேசியிருந்தா, எம் பொண்டாட்டின்னு சொல்லி கேட்டிருப்பாரா?"

"கேட்டிருப்பான்" என்றேன்.

கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. செல்வி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நான் இன்னும் சாப்பிட்டு முடிக்காத தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.